வெதர் மோசமா இருக்கும்போது கைடோட மலை ஏறுறது எப்படி? முதல் தடவை போறவங்களுக்கு

கைடு இருக்காரு, எல்லாத்தையும் அவர் பாத்துப்பாருன்னு நம்பி ஏறுறவங்கதான் அதிகம். ஆனா உங்க விரல் மரத்துப்போச்சா, கால் நடுங்குதான்னு அவருக்கு எப்படித் தெரியும்? நீங்க வாயைத் திறந்து சொன்னாதான் தெரியும்.

ஸ்டெப் 1: முதல் நாள் ராத்திரியே "எத்தனை மணிக்குத் திரும்புவோம்"னு கேட்டு வெச்சுக்கோங்க. உச்சிக்கு எப்போ போவோம்ங்கிறது ரெண்டாவதுதான். 1996 மே 10 அன்னைக்கு எவரெஸ்ட்ல, திரும்ப வேண்டிய நேரமான மதியம் 2 மணி தாண்டியும் பல பேர் ஏறிக்கிட்டே இருந்தாங்க, அப்புறம் இறங்கும்போது புயல்ல மாட்டி 8 பேர் செத்துப்போனாங்க, அதுல ரொம்ப அனுபவமுள்ள கைடுகளும் இருந்தாங்க. அதனால கைடு சொன்ன திரும்புற நேரத்துக்கு வாட்ச்ல அலாரம் வெச்சிடுங்க.

ஸ்டெப் 2: காட்டன் வேண்டவே வேண்டாம், நனைஞ்சா காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிடும். உள்ள சிந்தெடிக் இல்லேன்னா கம்பளி, நடுவுல ஃப்ளீஸ் (மெத்துனு இருக்கிற சூடான துணி), மேல தண்ணியும் காத்தும் புகாத ஜாக்கெட். 1000 மீட்டர் ஏறினா சுமாரா 6.5 டிகிரி குறையும், காத்தும் சேர்ந்தா இன்னும் குளிரும். கிளம்பும்போது லேசா குளிருற மாதிரியே போட்டுக்கோங்க, இல்லேன்னா அரை மணி நேரத்துல வேர்த்து உள்ளேருந்தே நனைஞ்சிடுவீங்க. இன்னொரு ஜோடி கிளவுஸை பிளாஸ்டிக் கவர்ல சுத்தி பையோட மேல்பக்கமா வைங்க. அடியில வெச்சீங்கன்னா மழையில நின்னு மொத்தப் பையையும் கொட்டித்தான் எடுக்கணும்.

ஸ்டெப் 3: பசிக்கிறதுக்கு முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க, தாகம் இல்லேன்னாலும் தண்ணி குடிங்க.

ஸ்டெப் 4: இதுதான் முக்கியம். ஒவ்வொரு தடவை நிக்கும்போதும் பையோட பக்கிளை ஒரு தடவை கழட்டி மாட்டிப் பாருங்க. சாதாரணமா ஒரே செகண்ட் வேலை. விரல் அதுல வழுக்குது, ரெண்டு பல்லையும் நேரா சேர்க்க முடியல, கண்ணால பாத்துப் பாத்து மாட்ட வேண்டியிருக்குன்னா உடனே கைடுகிட்ட சொல்லுங்க, மத்தவங்க லேட் ஆகுமேன்னு யோசிக்கவே யோசிக்காதீங்க. உடம்போட உள் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழ போனா ஹைப்போதெர்மியா. பேச்சு குழறும், கால் தடுமாறும், காரணமே இல்லாம எரிச்சல் வரும். பக்கத்துல வர்றவரையும் இதே மாதிரி கவனிங்க, ஏன்னா தனக்கு இப்படி ஆகுதுன்னு அவருக்கே புரியாம போகலாம். நடுங்கிட்டு இருந்தவர் சூடாகாமலேயே நடுக்கம் நின்னுட்டா அது ரொம்ப ஆபத்து.

ஸ்டெப் 5: மூடுபனியில முன்னாடி போறவர் மறைஞ்சிட்டா, உங்களை ஒண்ணா சேர்த்துக் கட்டியிருக்கிற கயிறுதான் உங்க கண்ணு. சும்மா இழுக்கவும் கூடாது, காலுக்கடியில சுருண்டு கிடக்கவும் விடக்கூடாது. விசிலை ஜாக்கெட் பாக்கெட்லயே வைங்க, பைக்குள்ள வேண்டாம். ஒரு நிமிஷத்துக்கு 6 தடவை ஊதி, ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி ஊதினா மலையில அதுதான் உதவி கேக்குற சிக்னல்.

ஸ்டெப் 6: மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல 30 செகண்ட்னா அது சுமார் 10 கிலோமீட்டர்லதான் இருக்கு. அதுவரைக்கும் காத்திருக்காதீங்க, இடி கேட்டாலே முகட்டுல நிக்காம இறங்கணும். ஒண்ணா கூடி நிக்காம இடைவெளி விட்டு நில்லுங்க.

ஸ்டெப் 7: கைடு திரும்பலாம்னா திரும்பிடுங்க, "இன்னும் கொஞ்ச தூரம்தானே"ன்னு கெஞ்சி அவரைத் தர்மசங்கடத்துல விடாதீங்க. இறங்கும்போது கால் ஓய்ஞ்சு போயிருக்கும், பாறை ஈரமா இருக்கும், அதனால அடி சின்னதா வைங்க. அவர் சொல்ற வரைக்கும் கயிறை மட்டும் கழட்டிடாதீங்க.