எல்லையை ஒட்டிய வெளிச்சுவர்: தீ விதிகளில் செய்யக் கூடாத தவறுகள்

“பக்கத்து மனை காலியாகத்தானே கிடக்கிறது, நெருப்பு எங்கிருந்து வரப்போகிறது?” எல்லையை ஒட்டி வீடு கட்டுகிறவர்கள் இப்படித்தான் நினைக்கிறார்கள். முதல் தவறே இதுதான். இன்று காலியாகக் கிடக்கும் மனையில் நாளைக்கு வீடு எழும்பலாம். அதை எவ்வளவு தள்ளி, எந்தப் பொருளால் கட்டுவார்கள் என்பது நம் கையில் இல்லை. அதனால்தான் விதிகள் அடுத்த கட்டடத்தைப் பார்ப்பதில்லை, எல்லைக்கோட்டைப் பார்க்கின்றன. 1666இல் லண்டனில் தீ பரவியது நெருங்கி நின்ற மர வீடுகளின் வழியாகத்தான். அடுத்த ஆண்டே வந்த சட்டம், வெளிச்சுவர் செங்கல்லிலோ கல்லிலோ இருக்க வேண்டும் என்றது.

எண்களுக்கு, அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் ‘இன்டர்நேஷனல் ரெசிடென்ஷியல் கோட்’ என்ற வீட்டுக் கட்டட விதித்தொகுப்பை எடுத்துக்கொள்கிறேன். எண்ணும் கணக்கும் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் இடத்து விதியைத் தனியாகப் பார்த்துவிடுங்கள். ஸ்பிரிங்ளர் (தீப்பிடித்தால் தானாக நீர் தெளிக்கும் அமைப்பு) இல்லாத வீட்டில், எல்லையிலிருந்து 5 அடிக்குள் வரும் வெளிச்சுவர் 1 மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும். அதுவும் உள்ளே எரிந்தாலும் சரி, வெளியே எரிந்தாலும் சரி.

அந்த 5 அடியை அளப்பதிலேயே பலர் சறுக்குகிறார்கள். வேலியிலிருந்து அளக்கிறார்கள், வேலி எல்லையில்தான் நிற்கிறது என்று யார் சொன்னது? சர்வே கல்லைத் தேடுங்கள். சுவர் முகத்திலிருந்து செங்குத்தாக அளக்க வேண்டும். எல்லை சாய்வாகப் போனால் ஒரு மூலையில் 6 அடியும் மறு மூலையில் 4 அடியும் வரும். நடுவில் ஓர் அளவு எடுத்து “5 அடி இருக்கிறது” என்று எழுதிவிட்டால் நெருங்கிய மூலை பாதுகாப்பில்லாமல் போய்விடும்.

சுவரை அளந்துவிட்டுக் கூரையை மறப்பது இன்னொன்று. சுவர் 4 அடி தள்ளி நிற்கிறது, கூரை இரண்டரை அடி வெளியே நீள்கிறது என்றால் அதன் விளிம்பு எல்லைக்கு ஒன்றரை அடியில் வந்து நிற்கும். 2 அடிக்குள் பொதுவாக எந்த நீட்டலுக்கும் அனுமதி இல்லை. 2 முதல் 5 அடி வரை என்றால் அடிப்பக்கத்துக்குத் தீப்பாதுகாப்பு வேண்டும். கீழிருந்து எழும் வெப்பம் அங்கேதான் வந்து தேங்கும். அங்கே காற்றுத் துளைகளும் இருந்தால் தீ நேராகக் கூரைக்குள் ஏறிவிடும்.

அடுத்தது, என்னை அதிகம் கவலைப்பட வைக்கும் தவறு: “வெளியே எரியாத சிமென்ட் ஷீட் அடித்துவிட்டோம், போதும்.” எரியாமல் இருப்பது வேறு, தீயைத் தாங்குவது வேறு. இரும்புத் தகடும் எரியாதுதான். ஆனால் சூட்டை அப்படியே பின்னாலிருக்கும் மரத்துக்குக் கடத்திவிடும். 1 மணி நேரம் என்பது எந்த ஒரு பலகைக்கும் தரும் சான்று அல்ல. சுவரின் சட்டகம், பலகை, திருகு, திருகுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி எல்லாம் சேர்ந்த முழுச் சுவரையும் உலையில் வைத்துச் சோதித்துத் தரும் மதிப்பு அது. ஜிப்சம் போர்டையே பாருங்கள். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீர், படிகத்தோடு பிணைந்திருக்கிறது. தீ பட்டால் அந்த நீர் ஆவியாகும். அது தீரும்வரை பின்பக்கச் சூடு 100 டிகிரி செல்சியஸ் அருகிலேயே நிற்கும். நீர் தீர்ந்ததும் சாதாரண போர்டு சுருங்கி, வெடித்து, உதிர்ந்துவிடும். ‘டைப் எக்ஸ்’ போர்டில் கண்ணாடி இழை கலந்திருப்பதால் மேலும் கொஞ்ச நேரம் பிடித்து நிற்கும். கடையில் அது இல்லை என்று சாதாரண போர்டை மாட்டினால் சோதித்த சுவர் வேறு, கட்டிய சுவர் வேறு. போர்டை அறையின் கூரை மட்டத்தோடு நிறுத்திவிட்டு, அதற்கு மேலே பரண் பக்கச் சுவரை அப்படியே விடுவதும் இதே ரகம்தான்.

ஜன்னல் விஷயம் சுருக்கமானது. எல்லைக்கு 3 அடிக்குள் ஜன்னலும் கதவும் கூடாது. 3 முதல் 5 அடி வரை சுவர்ப் பரப்பில் 25 சதவீதம்தான் திறப்புகளுக்கு. 30 அடி நீளம், 10 அடி உயரச் சுவர் என்றால் எல்லாத் திறப்புகளும் சேர்ந்து 75 சதுர அடி. பிறகு ஒரு நாள் வெளிச்சம் வேண்டுமென்று ஜன்னல் வைக்கும்போது யாரும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

ஒரே மனையில் இரண்டு வீடு கட்டும்போது “இங்கே ஏது எல்லை?” என்று விட்டுவிடாதீர்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு கற்பனைக் கோடு போட்டு, அதிலிருந்து அளக்கச் சொல்கிறது விதி.

அப்புறம் துளைகள். ஏசி குழாய்க்கும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் சுவரைத் துளைத்துவிட்டுச் சாதாரண ஃபோமை அடித்து மூடுகிறார்கள். அது எரியக்கூடிய பொருள். பிவிசி குழாயும் தீயில் இளகிச் சிதைந்துவிடும், அங்கே ஓட்டைதான் மிஞ்சும். துளை வழியே தீ போகாமல் அடைக்க, இதற்கென்று சோதித்த ஃபயர்ஸ்டாப் பொருளைக் கேட்டு வாங்குங்கள். சுவரை மூடுவதற்கு முன் ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுத்து, வரைபடத்தோடு வைத்திருங்கள். பத்து வருடம் கழித்துத் துளை போட வருகிற எலக்ட்ரீஷியனிடம் அதைக் காட்டலாம்.