சேர்வராயன் மலைப் பாறைக்குக் கட்டுரை தேடிய விதம்

ஏற்காடு மலைப்பாதையில் வெட்டிய பாறைமுகங்களில், எண்ணெய் பூசியதுபோல் மின்னும் கரும்பச்சைச் சார்னோகைட் என்ற பாறைதான் என் எம்.எஸ்ஸி. ஆய்வு. கல்லூரி நூலகக் கணினியில் ஜியோரெஃப் என்ற புவியியல் கட்டுரைத் தரவுத்தளத்தைத் திறந்து 'சேலம்' என்று ஆங்கிலத்தில் தட்டினால், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துச் 'சேலம் லைம்ஸ்டோன்' பற்றிய கட்டுரைகள்தான் குவிந்தன. 'ஏற்காடு' என்று போட்டால் மிகச் சிலவே வந்தன.

நம் ஊர்ப் பாறையை ஆய்வாளர்கள் ஊர்ப்பெயரால் மட்டும் எழுதுவதில்லை. அது சேர்ந்த நிலப்பாளத்தின், அதாவது பெரிய புவியோட்டுப் பகுதியின், பெயரால் எழுதுகிறார்கள். அதனால் 'சேலம் பிளாக்', 'சதர்ன் கிரானுலைட் டெரேன்' இரண்டையும் மேற்கோள் குறிக்குள் போட்டு, நடுவே 'ஆர்' (இரண்டில் ஒன்று இருந்தால் போதும்) சேர்த்தேன். அப்புறம் 'அண்ட் சார்னோகைட்' (இதுவும் இருக்க வேண்டும்), கடைசியில் 'நாட் இண்டியானா' (இது இருக்கக் கூடாது). சுமார் 250 கோடி ஆண்டு வயதுள்ள நம் பாறைகளைப் பற்றிய கட்டுரைகள் வரிசையாக வந்தன. பார்க்கவே அவ்வளவு சந்தோஷம்!

நல்ல கட்டுரை ஒன்று சிக்கினால் போதும். அதன் மேற்கோள் பட்டியல் பின்னோக்கிப் புவியியலாளர் ஹாலண்டின் 1900ஆம் ஆண்டுச் சார்னோகைட் ஆய்வுவரை கொண்டுபோகும். கூகுள் ஸ்காலரில் 'சைட்டட் பை' அழுத்தினால் அதை மேற்கோள் காட்டிய புதியவை வரும். முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்கா இருக்கிறது, இலவசம். கஞ்சமலை இரும்புத்தாதுவில் ஆய்வு செய்பவர்களும் இதே வழியில் தேடலாம். சார்னோகைட்டுக்குப் பதில் 'பேண்டட் அயர்ன் ஃபார்மேஷன்' (பட்டை பட்டையான இரும்புப் பாறை) என்று போடுங்கள்.