மழைக்கு ஒதுங்கிய இடத்திலேயே படம் எடுக்கலாம்: புதிதாகப் பழகுகிறவர்களுக்கு

டிசம்பர் வந்தால் ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் மார்கழிப் பனி, வாசல் கோலம் என்று வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பித் தள்ளுவார்கள். சிங்கப்பூரில் நமக்கு வாய்த்தது வடகிழக்குப் பருவமழைதான். டிசம்பரிலும் ஜனவரியிலும் பல நாள் பிற்பகலில் வானம் கறுத்துவிடும்; சில சமயம் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும். வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் இருப்புக்கொள்ளாது. கேமராவைக் கையில் எடுத்தாலோ எதை எடுப்பதென்று தெரியாது. மெர்லயன், மரினா பே எல்லாம் எடுத்தாயிற்று.

நானும் இரண்டு வருடம் மழை விடட்டும் என்றே உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் புத்தி வந்தது. மழை கொட்டினால் ஊரே கூரைக்கு அடியில் வந்து நின்றுவிடுகிறது. வெயில் நாளில் விறுவிறுவென்று போகிறவர்கள் பத்து நிமிடம் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். படம் எடுக்கப் பழகுகிறவருக்கு வேறென்ன வேண்டும்? ஃபோன் கேமராவே போதும்.

படி 1: ஒரே ஒரு கூரையைப் பிடியுங்கள்

லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் கேம்பல் லேன், பஃபலோ ரோடு கடைவரிசைகள் என் தேர்வு. கடைகளுக்கு முன்னால் கூரைக்கு அடியில் ஓடும் ஐந்தடி நடைபாதை 1822-இல் நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்திலிருந்து வந்த பழக்கம். இன்று நம் கேமரா நனையாமல் இருப்பதற்கு அவருக்கும் ஒரு நன்றி சொல்லலாம். தேக்கா தூரம் என்றால் உங்கள் புளோக் கீழ்த்தளமோ, எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வரும் கூரைபோட்ட நடைபாதையோ போதும். ஒரு மணி நேரம் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது, ஸூமும் பண்ணக் கூடாது. முதல் இருபது நிமிடம் சலிப்பாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: லென்ஸை வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள்

குளுகுளு ரயிலிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் கண்ணாடியில் ஆவி படியும். முதல் நாள் நான் அதைச் சட்டை நுனியால் துடைத்துத் துடைத்து அரை மணி நேரம் வீணாக்கினேன். எடுத்த படமெல்லாம் சாம்பிராணி போட்டது போல இருந்தது. கேமராவைப் பையிலேயே 20, 30 நிமிடம் விட்டுவையுங்கள், ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். வீடு திரும்பியதும் ஈரத்தைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சர்வசாதாரணம்.

படி 3: மழையைக் கண்ணுக்குத் தெரிய வையுங்கள்

புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். கண்ணெதிரே கொட்டோ கொட்டென்று கொட்டும். படத்தில் பார்த்தால் ஒரு துளி இருக்காது. காரணம், சாம்பல் வானத்துக்கு எதிரே மழை கரைந்துபோகும். பின்னால் இருட்டாக ஏதாவது வேண்டும்: நிழலான சந்து, மூடிய கடைக்கதவு, கறுப்புக் குடை. வெளிச்சம் துளிகளுக்குப் பின்பக்கத்திலிருந்து நம்மை நோக்கி வரவேண்டும். எதிரே வரும் பஸ்ஸின் முன்விளக்கு இதற்கு அருமையாக உதவும்.

அடுத்தது ஷட்டர் வேகம், அதாவது ஒரு படத்துக்குக் கேமரா எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பது. ஃபோனில் புரோ மோட் (இதையெல்லாம் நாமே மாற்றிக்கொள்ளும் வசதி) இருந்தால் 1/30 நொடியில் ஒரு படம், 1/500-இல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். முதலாவதில் மழை நூல் நூலாக இறங்கும். இரண்டாவதில் துளி கிட்டத்தட்ட அப்படியே அந்தரத்தில் நிற்கும். 1/500-க்கு ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) ஏற்ற வேண்டியிருக்கும், படத்தில் கொஞ்சம் பொரிப்பொரியாகப் புள்ளி வரும். வரட்டும். 1/30-க்குக் கை ஆடக் கூடாது, தூணில் சாய்ந்துகொள்ளுங்கள். புரோ மோட் இல்லையா? திரையில் பளிச்சென்ற இடத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். மழை மெல்ல வெளியே வரும்.

படி 4: தேங்கிய தண்ணீர்

மழை விட்டதும் கெர்பாவ் ரோட்டுக்குப் போங்கள். (மலாயில் கெர்பாவ் என்றால் எருமை, பஃபலோ ரோடும் பக்கத்திலேயே. மாட்டு வியாபாரம் நடந்த பகுதி இது.) அங்கே 1900-இல் கட்டிய, தான் தெங் நியா என்ற சீன வியாபாரியின் வீடு கதவுக்கு ஒரு நிறம், சட்டத்துக்கு ஒரு நிறமாக நிற்கும். அதை நேரே எடுக்காதவர் கிடையாது. நீங்கள் ஃபோனைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸைத் தரையில் தேங்கிய நீருக்கு இரண்டு விரல் உயரத்தில் கொண்டுபோங்கள். கையகலக் குட்டையில் முழு வீடும் விழும்.

படி 5: கேட்டுவிட்டு எடுங்கள்

ஒருநாள் பூக்கடை ஓரமாக ஒதுங்கினேன். கடைக்கார அக்கா பிளாஸ்டிக் திரையை இறக்கிவிட்டுத் தன்பாட்டுக்கு மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தார். "எடுத்துக்கட்டுமா அக்கா?" என்றேன். "மூஞ்சி வேண்டாம் தம்பி, தலைகூடச் சீவல" என்றார். சரி, கையை மட்டும் எடுத்தேன். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், ஒரு முடிச்சு. நனைந்த நூல் அவர் ஆள்காட்டி விரலில் கோடு போட்டிருந்தது. நாற்பது படத்தில் உருப்படியானது அந்தக் கோடு தெரிந்த ஒன்றுதான். முகம் கிடைத்திருந்தால் விரலை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

மாலை 7 மணியை ஒட்டி இன்னொரு வாய்ப்பு உண்டு. சூரியன் மறைந்தபின் வானம் நீலமாக இருப்பது இங்கே 20 நிமிடம்போலத்தான், ஈரத் தெருவில் கடை விளக்குகள் அப்போதுதான் நன்றாக எரியும். இடி இடித்தால் மட்டும் படத்தை விட்டுவிட்டு உள்ளே போய்விடுங்கள்.

வீட்டுக்கு வந்து மூன்றே மூன்று படத்தை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரமும் அதே கூரைக்குப் போங்கள். ஜனவரி நடுவில் அங்கே கரும்புக்கட்டும் மண்பானையும் வந்து இறங்கியிருக்கும். கிளம்பும்போது குடையை எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள். நான் இரண்டைத் தொலைத்தேன், ஒன்றை அந்தப் பூக்கடை அக்கா எடுத்துவைத்திருந்தார்.