லோன் இருக்கும் வீட்டை வாடகைக்கு விடலாம், லீஸுக்கு விடாதீர்கள்

கடலூர் செம்மண்டலத்தில் லோன் போட்டு வீடு கட்டி மூன்று வருடம்கூட ஆகவில்லை, எனக்குச் சென்னைக்கு மாற்றல். பூட்டிப் போட்டால் ஊரின் உப்புக் காற்று கிரில் கம்பியையும் தாழ்ப்பாளையும் தின்றுவிடும், சரி, வாடகைக்கு விடலாம் என்று புரோக்கரைக் கூப்பிட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்: "வாடகை எதுக்கு சார், ஏழு லட்சத்துக்கு லீஸ் பார்ட்டி ரெடியா இருக்கு, மொத்தமா வாங்கி லோன்ல கட்டிடுங்க."

கேட்க இனிக்கும். செய்யாதீர்கள். நம் பக்கம் லீஸ் என்பது போக்கியம்தான்: மொத்தப் பணத்தை வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல் குடிவைப்பது, காலி செய்யும்போது அந்தப் பணத்தைத் திருப்பித் தருவது. பேங்கில் ஏற்கெனவே அடமானத்தில் கிடக்கும் வீட்டைக் காட்டி இன்னொருவரிடமும் பணம் வாங்குகிறீர்கள். சொத்து மாற்றுச் சட்டம் 65ஏ பிரிவின்படி அடமானம் வைத்தவர் வீட்டை வாடகைக்கு விடலாம், ஆனால் 3 வருடத்துக்கு மேல் போகக்கூடாது, நியாயமான வாடகை வர வேண்டும், மொத்தத் தொகை வாங்கக்கூடாது. இதற்கு மாறாக லோன் பத்திரத்தில் எழுதியிருந்தால் அதுதான் செல்லும். தவணை நின்று, கோர்ட்டுக்குப் போகாமலே வீட்டை எடுக்க பேங்குக்கு வழிசெய்யும் 2002ஆம் வருடத்து சர்ஃபேசி சட்டப்படி நோட்டீஸும் வந்துவிட்டால் அதன் பிறகு பேங்க் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் யாரையும் குடிவைக்க முடியாது. ஏழு லட்சம் கொடுத்தவர் பேங்க்காரரைத் தேடிப் போக மாட்டார், உங்கள் சட்டையைத்தான் பிடிப்பார்.

அதனால் முதல் வேலை, பீரோவில் தூங்கும் லோன் அக்ரிமென்டை எடுத்துப் படிப்பது. பேங்கின் எழுத்து அனுமதி இல்லாமல் வாடகைக்கு விடக்கூடாது என்று பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். மூன்று வரியில் கடிதம் எழுதி, நகலில் சீல் வாங்குங்கள். என் பிராஞ்சில் "விட்டுக்கோங்க சார், யார் கேக்கப் போறா" என்று வாயால் சொன்னார்கள்; அதையே எழுதிக் கொடுங்கள் என்றதும் முகம் மாறியது, இரண்டு வாரம் அலைந்துதான் கடிதம் கைக்கு வந்தது. வீட்டு இன்ஷூரன்ஸ் இருந்தால் அவர்களிடமும் குடிவைப்பதைச் சொல்லிவிடுங்கள், 2015 மழையைப் பார்த்த ஊர் இது.

அப்புறம் ஒப்பந்தம். ஏதோ ஒரு முத்திரைத் தாளில் 11 மாதத்துக்கு எழுதி பீரோவில் வைக்கிற பழக்கம் போதாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகை, வேறு மாதிரி பேசிக்கொண்டால் ஒழிய. தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டி பாகூர், கிருமாம்பாக்கம் பக்கம் வீடு என்றால் இது பொருந்தாது, புதுச்சேரிக்குத் தனிச் சட்டம். வீட்டின் மேல் லோன் இருப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ஒரிஜினல் பத்திரம் எங்கே என்று குடிவருபவர் கேட்டால் பேங்கில் இருக்கிறது என்று சொல்லி வீட்டுவரி ரசீதையும் கரண்ட் பில்லையும் காட்டினால் போதும்.

வரிக் கணக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 25 லட்சம் லோன், 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் தவணை சுமார் 21,700. முதல் வருட வட்டி மட்டும் சுமார் 2,10,000. வாடகை மாதம் 10,000, வருடத்துக்கு 1,20,000. நீங்கள் கட்டும் வீட்டுவரி 4,000 போனால் 1,16,000, அதில் 30 சதவீதம் பராமரிப்புக்கென்று தானாகவே கழியும், மீதி 81,200. வட்டியையும் கழித்தால் 1,28,800 நஷ்டம். பழைய வரி முறையில் இதைச் சம்பளத்தில் கழிக்கலாம், வருடத்துக்கு 2 லட்சம் வரை. புதிய முறையில் வாடகைக்கு வரி வராது, அவ்வளவுதான், நஷ்டம் சம்பளத்தைத் தொடாது. வெளியூரில் நீங்களும் வாடகைக்கு இருந்தால் பழைய முறையில் எச்ஆர்ஏ எனும் வீட்டு வாடகைப்படிக்கான கழிவும் கேட்கலாம்.

வாடகை தவணையில் பாதிதான், அதுவும் பத்தாம் தேதிக்கு மேல்தான் வரும். தவணையோ ஐந்தாம் தேதியே போய்விடும். தவணை போகும் பேங்க் கணக்கில் ஒரு தவணைப் பணம் எப்போதும் கிடக்கட்டும். சாவி கொடுக்கும் அன்று ஈபி மீட்டரை, எண் தெரிகிற மாதிரி, குடிவருபவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போட்டோ எடுத்து அவருக்கே அனுப்பிவிடுங்கள்.