கக்கும் குழந்தைக்கு முதல் கூழ்

பால் குடித்ததும் கக்கிவிடும் குழந்தைக்குத் திட உணவை எப்போது தொடங்கலாம்? 6 மாதம் நிறையும் சமயத்தில், கழுத்து நன்றாக நின்று, பிடித்து உட்கார வைத்தால் உட்காரும்போது தொடங்கலாம். சீக்கிரம் கொடுத்தால் கக்குவது நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள்.

கேழ்வரகுக் கூழ் நல்ல தொடக்கம். பதம்தான் முக்கியம். கரண்டியைச் சாய்த்தால் தண்ணீர் போல ஓடக் கூடாது, மெதுவாக வழுக்கி விழ வேண்டும். முதல் நாள் 2 சின்னக் கரண்டி போதும். வாயை மூடிக்கொண்டால் விட்டுவிடுங்கள். 3 நாள் அதே உணவு, அப்புறம் அடுத்தது. தக்காளி, ஆரஞ்சு கொடுத்து அதிகம் கக்கினால் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள்.

ஊட்டும்போது முதுகு நிமிர்ந்திருக்கட்டும். இடுப்பில் டயப்பரோ அரைஞாண் கயிறோ இறுக்கினால் வயிறு அழுந்தும், தளர்த்திவிடுங்கள். ஊட்டி முடித்ததும் அரை மணி நேரம் தோளில் நிமிர்த்தி வைத்திருங்கள். தூங்க வைப்பது எப்போதும் மல்லாக்கத்தான்.

பச்சையாகவோ ரத்தம் கலந்தோ கக்கினால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். எடை ஏறாவிட்டாலும் காட்டிவிடுங்கள்.