ஜன்னலைச் சுற்றி மர பீடிங் (சட்டமும் சுவரும் சேரும் இடத்தை மறைக்கும் பட்டை) அடிக்கப் போகிறீர்களா?

பீடிங் அழகாக வருவதும் அசிங்கமாக வருவதும் நான்கு மூலைகளில்தான் இருக்கிறது, அதனால் அவசரப்பட்டு ரம்பத்தைக் கையில் எடுக்காதீர்கள்.

முதலில் ஜன்னல் சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் சட்டம் கோணல், 45 டிகிரியில் அறுத்தால் மூலை சேராது. அப்புறம் சட்டத்தின் உள் விளிம்பிலிருந்து 4 மி.மீ. வெளியே தள்ளி, சுற்றிலும் பென்சிலால் கோடு போடுங்கள். பீடிங்கின் உள் விளிம்பு இந்தக் கோட்டில்தான் உட்கார வேண்டும். விளிம்போடு விளிம்பாக வைத்தால் ஒரு மி.மீ. பிசகினாலும் பளிச்சென்று தெரியும், இப்படி ஒரு சின்னப் படி விட்டால் கண்ணுக்கே தெரியாது, கீலுக்கும் இடம் கிடைக்கும்.

அளவுக்கு ஒரு உதாரணம்: சட்டத்தின் உள் அகலம் 90 செ.மீ., பீடிங்கின் அகலம் 7 செ.மீ. என்றால் மேல் துண்டின் உள் நீளம் 90.8 செ.மீ., வெளி நீளம் 104.8 செ.மீ.

சரி, இப்போது மூலை. வீணான இரண்டு துண்டுகளை 45 டிகிரியில் அறுத்து, ஒவ்வொரு மூலையிலும் கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். உள்முனை முட்டிக்கொண்டு வெளிப்பக்கம் வாயைப் பிளந்தால் 45½, வெளிமுனை முட்டி உள்ளே இடைவெளி தெரிந்தால் 44½ என்று அரை டிகிரி மாற்றி அறுங்கள். கை ரம்பம் மட்டும்தான் இருக்கிறதா, முட்டுகிற பக்கத்தை மட்டும் உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயுங்கள், பொறுமையாகச் செய்தால் முடி அளவு இடைவெளிகூட இல்லாமல் சேர்ந்துவிடும், பார்க்கவே அவ்வளவு திருப்தியாக இருக்கும்.

சுவர்ப் பூச்சு சட்டத்தைவிட முன்னால் துருத்திக்கொண்டிருந்தால் பீடிங் ஆடும். பீடிங்குக்குள் மறையப் போகிற இடத்தில் மட்டும் உளியால் பூச்சைச் செதுக்கிவிடுங்கள்.

மேல் துண்டு முதலில், பிறகு பக்கங்கள், கடைசியில் கீழ்த் துண்டு. நான்கையும் ஒருமுறை பசையில்லாமல் பொருத்திப் பார்த்துவிட்டே ஒட்டுங்கள். மூலை வெட்டுகளில் மரப்பசை தடவி, உள் விளிம்பில் சுமார் 30 செ.மீ.க்கு ஒன்றாக மெல்லிய ஆணி அடித்து மரச் சட்டத்தில் பிடியுங்கள். வெளி விளிம்பு செங்கல் சுவரில் வருகிறது, அங்கே வெறும் ஆணி நிற்காது, துளை போட்டு, ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் பிளக்கை உள்ளே வைத்து ஸ்க்ரூ முடுக்க வேண்டும். முனைகளுக்குப் பக்கத்தில் முதலில் டிரில்லால் சின்னத் துளை போடாமல் ஆணி அடித்தால் மரம் பிளந்துவிடும்.

ஆணித் தலைகளை உள்ளே இறக்கி பட்டி பார்த்து, காய்ந்ததும் தேயுங்கள். சுவருக்கும் பீடிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளியை அக்ரிலிக் சீலன்ட்டால் அடையுங்கள், சிலிக்கான் வேண்டாம், அதன்மேல் பெயிண்ட் பிடிக்காது. எம்டிஎஃப் (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) பீடிங் என்றால் வெட்டிய முனைகளுக்குப் பொருத்தும் முன்பே பிரைமர் அடித்துவிடுங்கள், ஜன்னல் ஓரம் ஈரம் பட்டால் முதலில் உப்புவது அந்த முனைதான்.