பேஸ்டல் குர்தா: வெயிலில் மாட்டிக்கொள்ளும் தவறுகள்

இரவு எட்டரை மணிக்கு தி.நகர் கடை ஒன்றில் பார்த்தபோது அது அருமையான பிஸ்தா பச்சை. மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு மண்டப வாசலில் போய் நின்றேன். பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த அத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். உடம்புக்கு ஒன்றுமில்லை. குர்தாதான் வெயிலில் சாம்பல் பூத்துப்போயிருந்தது.

கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. துணி மாறவில்லை, விளக்குதான் மாறியது. கடைகளில் துணி எடுப்பாகத் தெரிய மஞ்சள் சாயல் விளக்குகளைப் போட்டிருப்பார்கள். ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவில் அது ஏறக்குறைய 3000 கெல்வின். பகல் வெளிச்சம் 5500-லிருந்து 6500 கெல்வின் வரை, நீலம் கலந்தது. அரக்கு, கருநீலம் போன்ற அடர் நிறங்களில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பேஸ்டல் எனும் வெளிர் நிறங்களில் சாயமே துளிதான், மிச்ச நிறத்தை வெளிச்சம்தான் போடுகிறது. அதனால் பகல் விசேஷத்துக்கு வாங்கும் துணியைப் பகலில் போய் வாங்குங்கள். முடியாவிட்டால் மறுநாள் காலை மொட்டை மாடியில் ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டு, மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் முடிவெடுங்கள். அம்மா புடவையைத் தூக்கிக்கொண்டு கடை வாசல் வரை போய்ப் பார்க்கும்போது நாம் சங்கடப்பட்டுத் தள்ளி நின்றிருக்கிறோமே, அந்த வேலையைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. பழைய ஜவுளிக் கடைகளில் பேஸ்டலை மொத்தமாக 'இங்கிலீஷ் கலர்' என்பார்கள். அப்படிக் கேட்டால் பத்து டிசைன் கொட்டுவார்கள், எதுவும் மனதில் இருந்ததாக இருக்காது. கத்திரிப்பூ, வெங்காயத்தோல், பிஸ்தா, எலுமிச்சை, ஆகாய நீலம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நம்மிடம் இருக்கும் பெயர்களே துல்லியமானவை.

'நமக்கெல்லாம் லைட் கலர் எடுக்காதுப்பா'

வாங்கும்போது செய்யும் தவறுகளைவிடப் பெரியது, இதைச் சொல்லி வாங்காமலே விடுவது. கறுத்த நிறத்துக்கு வெளிர் நிறம் எடுக்காது என்பதைப் போல் தலைகீழான ஒன்று கிடையாது. கறுத்த தோலில் எலுமிச்சை மஞ்சளும் ஆகாய நீலமும் விழும் அழகு, வெளுத்த தோலில் வராது. அங்கே வெளிர் ரோஸ் போட்டால் ஆளே கரைந்துபோவார்.

எடுக்காத நிறம் எதுவென்றால், உங்கள் தோலின் நிறத்துக்குப் பக்கத்திலேயே வந்து உட்காருவதுதான். மாநிறத்துக்காரர் பழுப்பு சாய்ந்த பீச்சோ பிஸ்கட் கலரோ போட்டால், பத்தடி தள்ளிப் பார்க்கிறவருக்குக் கழுத்து எங்கே முடிந்தது, காலர் எங்கே தொடங்கியது என்று தெரியாது. குர்தாவைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு நிழலில் நின்று, கூட வந்தவரைப் பத்தடி தள்ளி ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடியைவிட அது ஒழுங்காகச் சொல்லும்.

வியர்வையும் பனியனும்

நம் ஊர்ப் பகல் விசேஷம் என்றால் ஹோமப் புகை, மூடிய ஜன்னல், வேலை செய்யாத ஏசி. பருத்தி நனைந்தால் வெளிச்சத்தைக் குறைவாகத் திருப்பி அனுப்பும், அதனால் நனைந்த இடம் கறுத்துத் தெரியும். தூய வெள்ளையிலும் மிக வெளிர்ந்த மஞ்சளிலும் இது அவ்வளவாகத் தெரியாது. ஆகாய நீலம், கத்திரிப்பூ, சாம்பல் கலந்த பச்சை ஆகியவற்றில் முதுகில் இந்திய வரைபடமே வந்துவிடும். சட்டென்று வியர்ப்பவர் என்றால் இந்த மூன்றையும் டிசம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது துணி முழுக்கச் சிறு பூ அச்சிட்டதாக எடுங்கள். அச்சுக்குள் ஈரம் ஒளிந்துகொள்ளும்.

துணியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'ஆர்ட் சில்க்' என்று சீட்டில் இருந்தால் அந்த 'ஆர்ட்' கலை இல்லை, செயற்கை என்பதன் சுருக்கம். பெரும்பாலும் பாலியஸ்டரோ விஸ்கோஸோ இருக்கும். பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது, வெயிலில் பளபளக்கும். பேஸ்டலில் அந்தப் பளபளப்பு வந்தால் மேடை அலங்காரத் துணியிலிருந்து கிழித்துத் தைத்தது போல் ஆகிவிடும். உள்தையல் ஓரத்துத் துணியில் இருந்து ஒரு இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள் (தையல் நூலை அல்ல). பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி உருண்டையாகும். பகலுக்கு மல் எனும் மெல்லிய காட்டனும் லினனும் உத்தமம். லினன் கசங்கும்தான், கசங்கினாலும் அதற்கு ஒரு களை உண்டு. பட்டுதான் வேண்டுமென்றால் மத்தியப் பிரதேசத்துச் சந்தேரி பாருங்கள். நெடுக்கு இழை பட்டும் குறுக்கு இழை பருத்தியுமாகக் கலந்த நெசவு. மினுக்கும் இருக்கும், காற்றும் போகும்.

மெல்லிய துணி என்றதும் பனியன் பிரச்சினை வந்துவிடும். வெளிர் குர்தாவுக்குள் வெள்ளை பனியன்தான் சரி என்று நாம் காலங்காலமாக நம்புகிறோம். உண்மையில் வெள்ளைதான் அதிகம் தெரியும், தோள்பட்டைக் கோடு வரை. தோல் நிறத்தை ஒட்டிய பழுப்பில் ஒன்று வாங்கி வையுங்கள், உள்ளே இருப்பதே தெரியாது. பையில் இருப்பதும் இதே கதைதான். என் மச்சான் ஒருவர் கல்யாணத்துக்குக் கல்யாணம் மார்புப் பையில் மொய்க் கவரை வைத்துக்கொண்டு வருவார். வெயிலில் நின்றால் கவரில் எழுதியிருக்கும் பெயரை எதிரில் நிற்பவர் படித்துவிடலாம்.

லக்னோ வேலைப்பாடு வாங்குகிறவர்களுக்கு

பேஸ்டல் குர்தா என்றாலே இப்போது சிக்கன்காரிதான். லக்னோவின் இந்த எம்பிராய்டரிக்கு 2008-இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் 'லக்னோ குர்தா' என்று நம் ஊர்க் கடைகளில் தொங்குவதில் பெரும்பகுதி இயந்திர வேலை. இயந்திர வேலை வாங்குவது தவறில்லை, கைவேலை விலை கொடுத்து அதை வாங்குவதுதான் தவறு. குர்தாவை உள்பக்கம் திருப்புங்கள். எல்லாத் தையலும் அச்சடித்தது போல் ஒரே மாதிரி, எங்கும் ஒரு முடிச்சுகூட இல்லாமல் இருந்தால் அது இயந்திரம். கைவேலையில் சின்ன முடிச்சுகளும் ஒரு பூவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிய நூலும் தெரியும். 'பக்கியா' என்றொரு தையல் உண்டு. நூலை உள்பக்கமாகவே ஓட்டுவார்கள். மெல்லிய துணி வழியே வெளிப்பக்கம் நிழல் போல மட்டும் தெரியும். இளம்பச்சை மல்லில் அதைக் காலை வெயிலில் பார்க்க வேண்டும்.

கைவேலையிலும் ஒன்றைக் கவனியுங்கள். டிசைனை முதலில் நீலச் சாயத்தில் மரக்கட்டையால் அச்சிட்டு, அதன்மேல் தைத்து, கடைசியில் துவைத்து எடுப்பார்கள். சரியாகத் துவைக்காததில் பூவின் ஓரத்தில் நீலக் கோடு மிச்சம் நிற்கும். டியூப்லைட்டில் தெரியாது, வெயிலில் தெரியும்.

அளவு விஷயத்தில் சுருக்கத்தை மறந்துவிடுகிறோம். துவைக்காத பருத்தி முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கலாம். 42 அங்குல நீளக் குர்தாவில் அது ஒன்றரை, இரண்டு அங்குலம். தைக்கக் கொடுப்பதாக இருந்தால் துணியை நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள். அண்ணன் தம்பிகள் எல்லாரும் ஒரே கலர் என்று திட்டமிட்டிருந்தால், எல்லாருக்கும் ஒரே நாளில் ஒரே துணிச் சுருளிலிருந்து கிழித்து வாங்குங்கள். அடுத்த வாரம் வரும் சரக்கின் சாயம் ஒரு பிடி கூடவோ குறையவோ இருக்கும்; குரூப் போட்டோவில் ஒருவர் மட்டும் துவைத்துத் துவைத்து வெளுத்தவர் போல் நிற்பார்.

கீழே என்ன போடுவது

மேலும் கீழும் ஒரே நிறம் வேண்டாம். இளம்பச்சைக் குர்தாவுக்கு இளம்பச்சை பேன்ட் போட்டால் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து பாதியில் எழுந்து வந்த மாதிரி இருக்கும். வெள்ளை போடலாம். ஆனால் வெள்ளை என்பது ஒரு நிறம் அல்ல. சொட்டு நீலம் போட்ட வெள்ளை ஆகாய நீலத்துக்கும் கத்திரிப்பூவுக்கும் பொருந்தும். பாலேடு வெள்ளையைக் கத்திரிப்பூவுக்குக் கீழே போட்டால் அழுக்காகத் தெரியும். பீச்சுக்கும் எலுமிச்சைக்கும் கீழே போட்டால் அதுவே அமிர்தம்.

வேட்டி என்றால் ஜரிகையையும் அப்படியே பாருங்கள். மஞ்சள் சாய்ந்த நிறங்களுக்குத் தங்க ஜரிகை, நீலம் சாய்ந்தவற்றுக்கு வெள்ளி ஜரிகை. முழங்கால் வரை இறங்கும் குர்தா வேட்டியோடு சேராது, வேட்டியே காணாமல் போய்விடும். நடுத்தொடை வரை இருக்கும் சின்னக் குர்தா போதும்.

கறுப்பு நேரு ஜாக்கெட்டைப் பகலில் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வேண்டுமென்றால் குர்தாவின் நிறத்திலேயே இரண்டு படி அடர்த்தி. செருப்புக்கு அதிகம் யோசிக்க வேண்டாம், மண்டபத்தில் பாதி நேரம் அது வாசலில்தான் கிடக்கும். கறுப்பு ஷூவைத் தவிர்த்து பழுப்புத் தோல் செருப்பு போடுங்கள்.

கடைசியாகப் பந்தி. பேஸ்டலும் சாம்பாரும் ஜென்மப் பகை. மஞ்சள் கறை பட்டதும் எல்லாரும் செய்வது, கை கழுவும் இடத்துக்கு ஓடி அங்கிருக்கும் சோப்பைப் போட்டுத் தேய்ப்பது. உடனே கறை சிவந்துவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கிறதே, அதே வேதியியல்தான். சோப்பும் சுண்ணாம்பு போலக் காரம். சிவந்தது கண்டு பயந்து இன்னும் அழுத்தித் தேய்த்தால் கறை நூலுக்குள் இறங்கும், சிக்கன் தையலும் பிய்ந்துவிடும். மண்டபத்தில் பச்சைத் தண்ணீரால் ஒற்றி எடுப்பதோடு நிறுத்துங்கள். வீட்டுக்கு வந்து சோப்புத் தண்ணீரில் அலசினால் சிவந்து, பிறகு மஞ்சளாகத் திரும்பி மெல்லிசாக நிற்கும். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும், மஞ்சளின் சாயம் வெயிலுக்குத் தாங்காது. ஆனால் குர்தாவின் சாயமும் அவ்வளவு கெட்டி இல்லையே. அதனால் ஈரத்தோடு விரித்து, கறை பட்ட இடம் மட்டும் வெளியே தெரிய, மற்றதையெல்லாம் ஒரு பழைய துண்டால் மூடிவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை போய் எட்டிப் பாருங்கள்.